என் வீட்டு ஐஸ், கலாவதியின் டீ

எனக்கு வாய் நீளம் என்று பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லும். சொல்லட்டும், பொய்யில்லை. குழாயடியில் யார் முறை தவறினாலும் என் குரல்தான் முதலில் கேட்கும். அடுத்த வீட்டுச் சண்டையில் நான் தலையிடவில்லை என்றால் எனக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட வாய், இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் மே மாதத்தில் ஒரு மத்தியானம், பேச வேண்டிய இடத்தில் பேசாமல் கிடந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன். கதை என்னுடையது இல்லை, பக்கத்து வீட்டுக் கலாவதியுடையது. அதில் என் பங்கு ஒரு தட்டு ஐஸ் மட்டும்தான் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கலாவதி நெசவுக்காரப் பழனியைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தவள். அவன் தறியில் உட்கார்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கு நாடாக்கட்டையைத் தள்ளிக் கொடுப்பது இவள்தான். தறிச் சத்தத்துக்கு நடுவில் இரண்டு பேரும் பேசிச் சிரிப்பது சுவர் தாண்டி எனக்குக் கேட்கும். எனக்கு வயிற்றெரிச்சலாகக்கூட இருக்கும். தொண்ணூற்று மூன்றில் பழனிக்கு மஞ்சள் காமாலை வந்தது. பதினெட்டே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் மஹாலட்சுமிக்கு அப்போது மூன்று வயது.

அந்த வீட்டில் இன்னொரு ஆள் பழனியின் அக்கா பொன்னியம்மாள். பிள்ளை பிறக்கவில்லை என்று கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவள். தம்பி போனதும் அவளே தறியில் உட்கார்ந்தாள். ஆனால் ஒரு தறியை நம்பி மூன்று வயிறு எத்தனை நாள் ஓட்டும்? அந்தச் சமயத்தில்தான் சின்ன காஞ்சிபுரத்து ஸௌந்தரராஜன் குடும்பம் ஆள் தேடியது. பாங்காக்கில் பெரிய கம்பெனி உத்தியோகம் அவருக்கு. அவர் மனைவி குமுதவல்லிக்கும் அங்கே வேலை கிடைத்துவிட்டது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள நம் ஊர்ப் பெண்ணாக வேண்டும் என்றார்கள். நல்ல மனுஷர்கள், அவர்கள் மேல் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். இரண்டே வருஷம் என்று சொல்லிவிட்டுத் தொண்ணூற்று நான்கில் கலாவதி விமானம் ஏறினாள். இரண்டு வருஷம் எட்டாயிற்று. நடுவில் ஊருக்கு வந்தது ஒரே ஒரு தடவை, தொண்ணூற்றெட்டில், பத்து நாள்.

எங்கள் வரிசையில் முதலில் போன் வந்தது என் வீட்டுக்கு. ஃப்ரிட்ஜும் அப்படித்தான். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பாங்காக்கிலிருந்து கலாவதி கூப்பிடுவாள். பொன்னியம்மாள் மஹாலட்சுமியைத் தலை வாரி, பவுடர் போட்டு, என்னவோ போன் வழியாக முகம் தெரியும் என்பதுபோல் கூட்டிக்கொண்டு வருவாள். அந்தப் பெண் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ம். சாப்பிட்டேன். படிக்கிறேன். ம். அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்த பிறகு நான் ஒரு டம்ளர் பால் கொடுப்பேன். குடித்துவிட்டு, என் வீட்டுக் குழாயில் டம்ளரைக் கழுவி, மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள்.

எங்கள் பக்கத்தில் அது ஒரு வழக்கம். அடுத்தவர் வீட்டில் எதைக் குடித்தாலும் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். வீட்டுக்காரி, வை, நான் கழுவிக்கிறேன் என்பாள். அவள் சொன்னாலும் விடாமல் கழுவினால்தான் நல்ல வளர்ப்பு. கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லக்கூடாது, ஒரு சொட்டு மிச்சம் வைக்கக்கூடாது. இதெல்லாம் பொன்னியம்மாள் சொல்லிக் கொடுத்தது. அந்தப் பெண்ணே தன் வீட்டில் காபி குடித்தால் டம்ளரைத் தறிக்கட்டை மேல் அப்படியே வைத்துவிட்டு ஓடும். ஈ மொய்க்குதுடி, எருமை என்று பொன்னியம்மாள் தினமும் கத்துவாள். தன் வீட்டில் எவள் கழுவிக் கவிழ்ப்பாள்?

தொண்ணூற்றொன்பது மார்கழியில் மஹாலட்சுமிக்கு இழுப்பு வந்தது. வீசிங் என்றார் டாக்டர். விடிகாலைப் பனியில் தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அப்படியே மூச்சுத் திணறி உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து பனி ஆகாது, தூசி ஆகாது, ஐஸ் என்றால் வாசனைகூட ஆகாது. தெருவுக்கே தெரியும். பெட்டிக்கடைக்காரர் அவளுக்குக் கலர் கொடுத்தால் ஐஸ் பெட்டியில் கை வைக்க மாட்டார், வெளியில் வெயிலில் இருக்கும் பாட்டிலைத்தான் எடுப்பார். குச்சி ஐஸ் வண்டிக்காரன் அவளைக் கண்டால் மணியை அடிக்காமல் தள்ளிக்கொண்டு போவான்.

தெரியாதது ஒருத்திக்குத்தான். பெற்றவளுக்கு.

சொல்ல வேண்டாம் என்றது பொன்னியம்மாள். அவ்வளவு தூரத்தில் இருக்கிறவள், கேட்டால் பதறிப்போவாள், வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள் என்றாள். ஓடி வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொள்வாள் என்பதுதான் அவள் பயம். எனக்கு அது புரிந்தது, வாய்விட்டுக் கேட்கவில்லை. பிள்ளை இல்லாதவள் வளர்த்த பிள்ளை, அதைப் பிடுங்க நான் யார்? என் வீட்டுக் கூடத்தில், என் போன் முன்னால் நின்றுகொண்டு, அந்தப் பெண் நல்லா இருக்கேன் என்று சொல்லும். நடுவில் இருமல் வந்தால் உள்ளங்கையால் போனைப் பொத்திக்கொண்டு இருமிவிட்டு மறுபடி பேசும். ஒன்பது வயதுப் பிள்ளை அப்படிப் பொத்துவதைப் பார்த்துக்கொண்டு நானும் நின்றேன். இரண்டரை வருஷம் நின்றேன்.

இரண்டாயிரத்து இரண்டு ஏப்ரல் கடைசியில் கலாவதி ஒன்றரை மாத லீவில் வந்தாள். நல்ல நிறமாக, கொஞ்சம் சதை போட்டு, கையில் வாட்சோடு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். மஹாலட்சுமி பன்னிரண்டு வயதுப் பெண்ணாக வாசலில் நின்றிருந்தது. வாங்க என்றது. வீட்டுக்கு வந்த விருந்தாளியை எப்படிக் கூப்பிடுமோ அப்படி. கலாவதி கட்டிக்கொண்டாள். பெண் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு பொறுமையாக நின்றது. பெட்டியைத் திறந்து கவுன், பொம்மை, வளையல் எல்லாம் கொடுத்தாள். தேங்க்ஸ் என்று சொல்லி வாங்கி அலமாரியில் அடுக்கியது. அம்மா என்று அது கூப்பிடுவது பொன்னியம்மாளைத்தான். இவளை எதுவும் சொல்லிக் கூப்பிடாது. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்கும், இவளாகத் திரும்பிப் பார்க்கும் வரைக்கும்.

ஒரு நாள் துணி காயப்போடும்போது கலாவதி என்னிடம் மனசைத் திறந்தாள். ஜூன் மாதம் ஒன்பதாம் தேதிக்குத் திரும்பிப் போக டிக்கெட் போட்டிருந்தது.

"போணும்னு எனக்கு ஆச இல்லக்கா. அவ ஒரே ஒரு வார்த்த, இரும்மான்னு சொல்லட்டும். டிக்கெட்ட கிழிச்சு அடுப்புல போட்டுட்டு, பழையபடி தறியில குந்திக்கினு கஞ்சி குடிச்சாலும் போதும்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள், அந்த வார்த்தையை நான் வாங்கிக் கொடுத்துவிடுவேன் என்பதுபோல. எல்லாம் சொல்லும், பொறு என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

பிள்ளையை இழுக்க அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அந்த டீ. பாங்காக்கில் அவர்கள் குடியிருந்த கட்டிடத்துக்குக் கீழே ஒரு பெண் தள்ளுவண்டியில் போடுவாளாம். பாஷை தெரியாது. நின்று பார்த்துப் பார்த்தே கலாவதி கற்றுக்கொண்டிருக்கிறாள். அந்த வீட்டுக் குழந்தை லக்ஷணாவுக்கு அந்த டீ இல்லாமல் சாயங்காலம் ஓடாதாம், வீட்டுப்பாடம் எழுதாதாம், இவள் மடியை விட்டு இறங்காதாம். அதைச் சொல்லும்போது அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. சொந்தப் பிள்ளையைப் பற்றி அப்படிச் சொல்ல அவளிடம் ஒரு சங்கதிகூட இல்லை.

அவள் டீ போடுவதை ஒரு வாரம் பக்கத்தில் இருந்து பார்த்தேன், அதனால் சொல்கிறேன். தூள் அங்கிருந்து கொண்டுவந்தது. பையைப் பிரித்தால் அன்னாசிப்பூ வாசனை தூக்கும். தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்த பிறகுதான் தூளைப் போடுவாள். நம்மைப்போல் பொங்கப் பொங்கக் காய்ச்சினால் கசந்துவிடுமாம். தட்டைப் போட்டு ஐந்து நிமிஷம் மூடி வைப்பாள். வெள்ளைத் துணியில் காலுறை மாதிரி நீளமாக ஒரு பை தைத்து, கம்பி வளையத்தில் கட்டி வைத்திருந்தாள். அதில் ஊற்றி, இறங்கியதை மறுபடி அதிலேயே ஊற்றி, ஐந்து தடவை. இது டீயா, சாயப்பட்டறைத் தண்ணியா என்று கேட்டேன். அவ்வளவு சிவப்பு. சூட்டோடு சர்க்கரையும் டின் பாலும் போட்டுக் கலக்கியதும் அப்படியே கனகாம்பரக் கலருக்கு வந்துவிட்டது. எங்கள் தெருவில் நிறத்துக்குப் பேர் வைக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் கனகாம்பரம் என்றுதான் சொன்னார்கள்.

அது ஆறும் வரை தொடக்கூடாது. சூட்டில் ஐஸ் போட்டால் கரைந்து தண்ணியாகிவிடும். வேறு ஒரு சட்டியில் பாலைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, ஏடு எடுத்து, ஆற வைத்திருப்பாள். துண்டில் ஐஸ் கட்டிகளைச் சுற்றி அம்மிக் குழவியால் நாலு தட்டு. நொறுங்கிய ஐஸை டம்ளர் நிறையப் போட்டு, டீயை ஊற்றி, கடைசியாகக் கரண்டி முதுகில் அந்தச் சுண்டின பாலை மெதுவாக விடுவாள். வெள்ளை மேலே நின்று, பிறகு நூல் நூலாகக் கீழே இறங்கும். பார்க்க அழகுதான். குடித்தால் தொண்டையில் தேன் இறங்குகிற மாதிரி, கத்திரி வெயிலுக்கு அமிர்தம். நான் ஒரே மூச்சில் இரண்டு டம்ளர் குடிப்பேன்.

அந்த ஐஸ் என் வீட்டு ஐஸ். தெருவில் வேறு யார் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தது?

பள்ளிக்கூடம் லீவு விட்டும் மஹாலட்சுமி பிடி கொடுக்கவில்லை. டீ போடும் நேரத்துக்குத் தோழி வீட்டுக்குப் போய்விடும். மே பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை, பொன்னியம்மாள் முடித்த புடவையைக் கொடுத்துவிட்டு வர நெசவாளர் சங்கத்துக்குப் போயிருந்தாள். பெண் வீட்டில் தனியாக இருந்தது. கலாவதி என் வீட்டுக்கு ஓடி வந்து ஐஸ் கேட்டாள். இன்றைக்கு எப்படியும் கொடுத்துவிடுவேன் என்றாள். கண்ணில் அவ்வளவு ஆசை.

தட்டை எடுத்துத் தண்ணீரில் காட்டி, கட்டிகளைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொண்டே, அங்கே கதவில் அமுக்கினாலே டம்ளரில் ஐஸ் கொட்டும், இந்த மாதிரி மல்லுக்கட்ட வேண்டாம் என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு வாரமாக என் வீட்டு ஐஸைத் தின்றுவிட்டு என் ஃப்ரிட்ஜையே மட்டம் தட்டுகிறாளே என்று மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வாயைத் திறக்கவில்லை. தட்டோடு அவள் பின்னாலேயே போய் அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தேன்.

டீ தயாரானது. பெரிய எவர்சில்வர் டம்ளரில், தளும்பத் தளும்ப ஐஸ். கலாவதி இரண்டு கையாலும் பிடித்துப் பெண்ணிடம் நீட்டினாள்.

மஹாலட்சுமி டம்ளரைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. நீங்களாவது சொல்லுங்களேன் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. இன்றைக்கு வரைக்கும் அதை நான் மறக்கவில்லை. அவளுக்கு ஆகாதுமா, கொடுக்காதே. நாலு வார்த்தைதான். பெற்றவளுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். இரண்டரை வருஷமாக மறைத்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஆனாலும் என் மனசுக்குள் கதவில் கொட்டும் ஐஸ் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய பாங்காக்காரி, அவளே கண்டுபிடிக்கட்டுமே என்று நினைத்தேன். இந்த வெயிலில் ஒரு டம்ளர் என்ன செய்துவிடும் என்றும் நினைத்தேன். நினைத்துக்கொண்டே என் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

பெண் வாங்கிக்கொண்டது. கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லக்கூடாது, மிச்சம் வைக்கக்கூடாது. பொன்னியம்மாள் அதைக் கொடுத்திருந்தால், போம்மா, எனக்கு இழுப்பு வரும்னு தெரியாதா என்று கத்திவிட்டு ஓடியிருக்கும். இவளிடம் கத்த அதற்கு உரிமை இல்லை. கடைசிச் சொட்டு வரை குடித்தது. நல்லா இருக்குதுங்க என்றது. எழுந்து பின்கட்டுக்குப் போய் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தது. கலாவதி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எவ்வளவு ஒழுக்கமா வளத்து வச்சிருக்காங்க எங்க அண்ணி என்று பெருமைப்பட்டாள். அந்தக் கவிழ்ந்த டம்ளருக்கு என்ன அர்த்தம் என்று அந்தத் தெருவிலேயே நெய்து வாழ்ந்தவளுக்குத் தெரியாமல் இல்லை. அன்றைக்கு அவள் கண்ணுக்கு அது படவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்குப் பொன்னியம்மாள் திரும்பி வந்தபோது பெண் மூலையில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தோள் ஏறி ஏறி இறங்கியது. விசில் மாதிரி மூச்சுச் சத்தம். கலாவதி, வெயிலில் விளையாடிய களைப்பு என்று விசிறிக்கொண்டிருந்தாளாம். பொன்னியம்மாள் கையிலிருந்த பையை அப்படியே போட்டாள். என்ன குடித்தாய் என்று கேட்டாள். பெண் தலையை ஆட்டியது, ஒன்றுமில்லை என்று. அந்த நிலையிலும் அது இவளைக் காட்டிக் கொடுக்கவில்லை. பின்கட்டில் கவிழ்ந்திருந்த டம்ளரைப் பொன்னியம்மாளே பார்த்துவிட்டாள்.

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து இழுப்புக்கான பம்ப்பை எடுத்து வாயில் வைத்து அமுக்கினாள். கேட்கவில்லை. சத்தம் கேட்டு நானும் ஓடினேன், ஆட்டோ பிடித்தோம். கலாவதிதான் பெண்ணை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். மடியில் இருந்தபடியே அது எட்டிப் பொன்னியம்மாள் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அம்மா, அம்மா என்று அதற்கு வந்த மூச்சுக்கு இரண்டு தடவை கூப்பிட்டது. கலாவதி குனிந்து, இங்க இருக்கேன் கண்ணு என்றாள். பெண் பொன்னியம்மாள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டர் முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை விட்டார். அம்மா யாரு என்று கேட்டார். நான்தான் என்று கலாவதி முன்னால் போனாள். எத்தனை வருஷமாக இருக்கிறது, கடைசியாக எப்போது வந்தது, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று வரிசையாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்து பொன்னியம்மாள் சொன்னாள், பாடம் ஒப்பிக்கிற மாதிரி, நிறுத்தாமல். மூன்றாவது கேள்வியிலிருந்து டாக்டர் பொன்னியம்மாளைப் பார்த்தே கேட்டார். கலாவதி ஓரமாக நகர்ந்து சுவரோடு நின்றுகொண்டாள்.

பெண் பிழைத்துக்கொண்டது. இரண்டு நாளில் எழுந்து ஓடியது. நாத்தனாரும் இவளும் சண்டை போடுவார்கள் என்று நான் சுவரோரம் காதை வைத்துக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை. ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்று இவள் கேட்டாளாம். நீ இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும் என்று அவள் சொன்னாளாம். அதோடு முடிந்தது. பிறகு என்னிடம் வந்தாள். கூடத்தில் போன் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டாள்.

"உனக்குத் தெரியுமாக்கா?"

"எனக்கு எப்படிமா தெரியும்? அடுத்த வூட்டு விஷயம்."

வாய் கூசாமல் சொன்னேன். அவள் நம்பினாள். அன்றைக்கு என் நாக்கைப் பிடுங்கிப் போட்டிருந்தால்கூடத் தகும்.

அதற்குப் பிறகு அவள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெண்ணுக்கு ஆகாததையெல்லாம் பொன்னியம்மாளிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டாள். படித்துப் படித்து மனப்பாடம் செய்தாள். டீயை ஐஸ் இல்லாமல் வெதுவெதுப்பாகப் போட்டுக் கொடுத்தாள். பெண் மறுக்காமல் குடித்தது, நல்லா இருக்குதுங்க என்றது. ஒவ்வொரு நாளும் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தது. இப்போது கலாவதிக்கு அது கண்ணில் பட்டது. வைடி, நான் கழுவிக்கிறேன் என்று ஒரு நாள் கையைப் பிடித்தாளாம். பரவால்லைங்க என்று சொல்லிவிட்டுப் பெண் கழுவியதாம்.

ஜூன் இரண்டாம் தேதி, மாதத்தின் முதல் ஞாயிறு. பதினோரு மணிக்கு என் வீட்டுப் போன் அடித்தது. பாங்காக் என்றதும் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கலாவதியைக் கூப்பிட்டேன். அவள் வருவதற்குள் மஹாலட்சுமி வந்து நின்றுவிட்டது. அந்த நேரத்தில் போன் அடித்தால் தனக்குத்தான் என்று அதன் கால் தானாக வந்துவிட்டது. பின்னாலேயே வந்த கலாவதி போனை வாங்கினாள். அந்தப் பக்கம் அந்தக் குழந்தை லக்ஷணா. அழுகைச் சத்தம் எனக்கே கேட்டது. புதிதாக வந்திருப்பவளுக்கு டீ போடத் தெரியவில்லையாம்.

"அழாத கண்ணு. தூள கொதிக்க வைக்க வேணாம்னு அவங்ககிட்ட சொல்லு, மூடி வச்சா போதும். டின் பாலு ரெண்டு கரண்டி. உனக்கு ஐஸ் போட வேணாம்னு சொல்லு, கேட்டியா? ஒரு கட்டி போட்டாலும் ராத்திரி உனக்குத் தொண்ட கட்டிக்கும், அப்புறம் அந்த எடது காது வலிக்கும். நல்லெண்ணெய சுட வச்சு விடச் சொல்லு."

சொல்லிக்கொண்டே திரும்பியவள், மஹாலட்சுமி நிற்பதைப் பார்த்தாள். பேச்சு நின்றுவிட்டது. போனுக்குள் அந்தக் குழந்தை ஆயா, ஆயா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் போனை வைத்தாள்.

பெண் கோபித்துக்கொள்ளும், அழும், ஏதாவது எடுத்து வீசும் என்று நான் எதிர்பார்த்தேன். வீசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அது ரொம்ப நிதானமாக, நிஜமான இரக்கத்தோடு கேட்டது.

"அந்தப் பாப்பா அழுவுதுங்களா?"

கலாவதி தலையை ஆட்டினாள்.

"நீங்க போங்க. பாவம், அது உங்களத் தேடுது. எனக்குத்தான் அம்மா இருக்காங்களே."

அந்தப் பேச்சில் ஒரு பொட்டு விஷம் கிடையாது. குத்திக் காட்டவில்லை, கணக்குத் தீர்க்கவில்லை. நல்லபடியாக வளர்ந்த பிள்ளை, அழுகிற குழந்தைக்காகப் பரிந்து பேசியது. இரும்மா என்ற ஒரு வார்த்தைக்காக ஐந்து வாரம் காத்துக்கொண்டிருந்தவளுக்குக் கிடைத்தது இதுதான். கலாவதி அழக்கூட இல்லை. சரிடா, போறேன் என்றாள்.

ஒன்பதாம் தேதி மத்தியானம் ஆட்டோ வந்து நின்றது. மஹாலட்சுமி சின்னப் பையைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் வைத்தது. பத்திரமாகப் போய்ட்டு வாங்க என்றது. பொன்னியம்மாள் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கலாவதியிடம் கொடுத்தாள். அவளும் நின்றபடியே குடித்தாள், ஒரு சொட்டு மிச்சமில்லாமல். குடித்து முடித்துவிட்டு நேராகப் பின்கட்டுக்குப் போனாள். குழாயைத் திறந்து டம்ளரைக் கழுவினாள். மகள் கழுவி வைத்திருந்த டம்ளருக்குப் பக்கத்தில் அதைக் கவிழ்த்து வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எங்களைத் தாண்டி வாசலுக்குப் போனாள்.

அது அவள் புருஷன் வீடு. அவள் அரிசி அளந்த வீடு, அவள் நாடா தள்ளிய தறி இன்னும் அந்தக் கூடத்தில்தான் இருந்தது. வை, நான் கழுவிக்கிறேன் என்று பொன்னியம்மாள் சொல்லியிருக்கலாம். அவள் வாயில் வரவில்லை. உன் வீட்டு டம்ளரை நீ எதுக்குடி கவுக்கிற என்று நான் கேட்டிருக்கலாம். தெருவுக்கே கேட்கிற வாய் என்னுடையது. அன்றைக்கும் நான் பேசாமல்தான் நின்றேன்.